ஒரு முகம், பல மடல்கள்

மடல்களுள் கடினமானது, ஒன்றை வேண்டி எழுதும் மடல். நலம் வினவும் மடலுக்கு அன்பு போதும். கணக்கு விடுக்கும் மடலுக்கு நேர்மை போதும். வேண்டுகோள் மடலுக்கோ இவ்விரண்டுடன் மூன்றாவதாக ஓர் அறிவும் தேவை. படிப்பவர் யார், அவர் எதனை மதிப்பவர், எதனை ஐயுறுபவர் என்னும் அறிவு அது. நம் புலவர்கள் வள்ளல்களுக்குச் சீட்டுக்கவி விடுத்த காலத்தில், ஒருவருக்கு யாத்த கவியையே பெயரை மட்டும் மாற்றி மற்றவருக்கு விடுத்திருந்தால் பரிசிலும் கிட்டியிராது, புலமைக்கும் இழுக்காகியிருக்கும்.

இக்காலத்தில் இவ்வகை மடல்களைப் பெருந்தொகையாக எழுதுவோர் அமெரிக்க நாட்டுக் கல்லூரி மாணவர்கள். நம் நாட்டில் ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு இடையில் மாறுதல் அரிது. மாறினாலும் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் பேசும், மாணவன் பேசுவதில்லை. அங்கோ இடம் மாறிப் பயில்வது கல்வி முறையின் ஓர் உறுப்பாகவே அமைந்துள்ளது. இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901ஆம் ஆண்டு தோன்றிய ஈராண்டுக் கல்லூரி, அந்நாட்டுப் பொதுச் சமுதாயக் கல்லூரிகளுள் மிகப் பழையது. அத்தகைய கல்லூரிகளில் குறைந்த கட்டணத்தில் ஈராண்டு பயின்று, பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்வது பலர்க்கும் வழியாயிற்று. கலிபோர்னிய மாநிலம் 1960ஆம் ஆண்டில் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம் இவ்வழியை அரசுக் கொள்கையாகவே ஆக்கியது. இவ்வாறு சேர விழைவோர் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கின்றனர். “இருக்கும் இடத்தை ஏன் விட்டு வருகிறாய்? வரும் இடமாக எம்மை ஏன் கருதினாய்?” என்னும் இரு வினாக்களுக்கும் கட்டுரையாக விடை எழுதுகின்றனர்.

கலிபோர்னியாவில் குடியேறி வாழும் நம் தங்கையின் மகன், இருபது வயதினன், சென்ற ஆண்டு ஐந்து இடங்களுக்கு இத்தகைய கட்டுரைகளை எழுதி நமக்கு அனுப்பினான். ஆங்கிலத்தைத் திருத்தித் தர அவனுக்கு அங்கே ஆசிரியர்கள் உண்டு. நம்மிடம் அவன் கேட்டது வேறு. “மாமா, ஒரே ஆள் ஐந்து இடத்துக்கு ஐந்து விதமாக எழுதுகிறேன். அவரவர் விரும்புவதை அவரவர்க்குச் சொல்கிறேன். இது இரண்டு முகம் காட்டுவது ஆகாதா?” என்றான்.

இவரிடம் ஒரு முகத்தோடும் அவரிடம் மற்றொரு முகத்தோடும் செல்பவன் மக்களுள் மிகத் தீயவன் என்னும் பொருள்பட அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற நபிமொழி இது. ஞாயிறுதோறும் பள்ளிவாசல் வகுப்பில் ஓதியதை அப்பிள்ளை மறக்கவில்லை. கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று அஞ்சும் வயதில், இறைவனிடம் நம் பெயர் எவ்வாறு எழுதப்படும் என்றும் அஞ்சினானே என நாம் மகிழ்ந்தோம். ஆயினும் மகிழ்ச்சி விடையாகாது. அவன் வினாவுக்கு உரிய விடையை நாம் ஓதிய கலையிலிருந்தே எடுத்துரைக்க முற்பட்டோம்.

மதரஸாக்களில் சொற்கலை பயில்வோர் கஸ்வீனீ அவர்களின் ‘தல்கீஸ்’ நூலையும், அதற்குத் தஃப்தாஸானீ அவர்கள் வரைந்த ‘முக்தஸருல் மஆனீ’ உரையையும் ஓதுவர். அங்கே ‘பலாகத்’ என்பதற்குத் தரப்படும் இலக்கணம் எளியது, ஆழமானது. பேச்சு பிழையற்றதாய் இருப்பதோடு, இடத்தின் தேவைக்கு இயைந்தும் நிற்றல் வேண்டும் என்பதே அது. கேட்போரை அக்கலையினர் மூவகையாகப் பிரிப்பர். செய்தியைப் பற்றி எக்கருத்தும் இல்லாத வெறுமனத்தினர் ஒரு வகை; ‘ஆமோ, அன்றோ’ என ஐயுறுவோர் ஒரு வகை; மறுப்போர் ஒரு வகை. வெறுமனத்தினர்க்குச் செய்தியைச் சொன்னால் போதும். ஐயுறுவோர்க்குச் சற்று உறுதி கூட்டிச் சொல்லுதல் நன்று. மறுப்போர்க்கு அவர்தம் மறுப்பின் அளவுக்கு ஏற்ப உறுதியை மிகுத்தே தீர வேண்டும். நம் இல்லங்களில் நாள்தோறும் ஓதப்படும் யாஸீன் அத்தியாயத்தில் ஓர் ஊருக்குத் தூதர்கள் அனுப்பப்பட்ட வரலாறு வருகிறதன்றோ? அத்தூதர்கள் முதன்முறை கூறிய சொல்லைவிட, ஊரார் மறுத்தபின் கூறிய சொல்லில் உறுதிச் சொற்கள் மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டியே ஆசிரியர்கள் இப்பாடத்தை நடத்துவர். தூதர்கள் அவர்களே, செய்தியும் அதுவே, கேட்போர் நிலை மாறியதால் சொல்லும் முறை மாறியது.

தமிழ் மரபும் இதனையே பேசுகிறது. வள்ளுவர் ‘அவையறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். சொல்லுக்கு முன் அவையை அறிக என்பது அவர் கருத்து. ஆகவே ஐந்து இடங்களுக்கு ஐந்து விதமாக எழுதுவது தன்னளவில் இருமுகம் ஆகாது. ஒரே விதமாக எழுதுவதே அறியாமையாகும். ஒருவரது வீட்டு வாயிலில் நின்று வேறொருவர் பெயரைச் சொல்லி அழைப்பவனுக்கு யார் கதவு திறப்பர்?

இவ்வளவில் அவனது அச்சம் ஓரளவு தணிந்தது. “அப்படியானால் நான் எழுதியவை சரிதானே?” என்றான். ஒவ்வொரு கட்டுரையையும் தொலைபேசியில் தமிழில் சொல்லிக் காட்டுமாறு கூறினோம். பிள்ளை திகைத்தான், பின்னர்ச் சொல்லத் தொடங்கினான். ஆங்கிலத்தில் மினுமினுத்த வாக்கியங்கள் வீட்டு மொழிக்கு வந்தவுடன் தம் உண்மை உருவத்தைக் காட்டின. உலகத் தரம் வாய்ந்த கல்வி, புகழ்பெற்ற பேராசிரியர்கள், பல இனத்தவரும் கலந்து வாழும் சூழல், சிறு வயது முதலே கண்ட கனவு என்று ஐந்து இடங்களுக்கும் ஒரே புகழ்மாலைதான் சூட்டப்பட்டிருந்தது. மாறியவை கட்டடங்களின் பெயரும் நகரத்தின் பெயருமே. நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றாக ‘வெற்றெனத் தொடுத்தல்’ என்பதைக் கூறுவார். பொருளின்றிச் சொல்லை அடுக்குதல் அது. ஐந்து விதமாக எழுதியதாக அவன் நினைத்திருந்தானே தவிர, உண்மையில் எவருக்கும் எழுதவில்லை.

அவையை அறிதல் என்பது அவையைப் புகழ்தல் அன்று. அங்குள்ளோர் எப்படிப்பட்டவர், அவர்களது வினா யாது என்று தேடி அறிதலே அது. இதனைச் சில சான்றுகளால் விளக்குவோம்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு இளநிலைப் பட்டம் தரும் ஒன்பது வளாகங்கள் உள. மாணவன் எத்தனை வளாகங்களை நாடினாலும் விண்ணப்பம் ஒன்றே. இடம் மாறி வருவோர் நான்கு வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். ஒவ்வொன்றும் 350 சொற்களுக்கு மேற்படலாகாது. தான் பயில விரும்பும் துறைக்குத் தன்னை எவ்வாறு ஆயத்தம் செய்துகொண்டான் என்பது அனைவர்க்கும் கட்டாய வினா. ஏனைய மூன்றை ஏழு வினாக்களிலிருந்து தேர்ந்துகொள்ளலாம். அங்கே ஒரு வளாகத்தின் பெயரைச் சொல்லிப் புகழ்வது பயனற்றது. அதே எழுத்தை ஏனைய வளாகத்தாரும் படிப்பர். ஆகவே அங்கே மடலை அளவெடுத்துத் தைப்பது வளாகத்துக்கு அன்று, துறைக்கு. மாணவன் முடித்த பாடம் எது, அது எங்கே ஏற்கப்படும், இனிப் பயில வேண்டியது எது என்பனவே பேச வேண்டும். எக்கல்லூரியின் எப்பாடம் எவ்வளாகத்தில் ஏற்கப்படும் எனக் காட்டும் ‘அசிஸ்ட்’ என்னும் பொதுப் பட்டியல் இதற்கென்றே அம்மாநிலத்தில் உண்டு. இதனைப் பாராமல் எழுதுவது பெருங்கேடு. 2004 முதல் 2009 வரை இடம் மாறிய மாணவர்கள் தாம் ஈட்டிய பாட அலகுகளுள் சராசரியாக 43 விழுக்காட்டை மாற்றத்தின்போது இழந்தனர் என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017ஆம் ஆண்டு மதிப்பிட்டது.

நியூயார்க் மாநிலத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நிலை வேறு. அதன் உட்கல்லூரிகள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பண்பு உண்டு. அவற்றுள் ஒன்று தொழில் மற்றும் தொழிலாளர் உறவுகளுக்கென அம்மாநிலம் 1945ஆம் ஆண்டு நிறுவிய பள்ளி. 1911ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி 146 தொழிலாளர் மாண்டதைக் கண்ணால் கண்டவரும், பின்னர் அந்நாட்டின் தொழிலாளர் துறைச் செயலராகி அமைச்சரவையில் அமர்ந்த முதற்பெண்மணியுமான பிரான்செஸ் பெர்கின்ஸ், தம் இறுதி ஆண்டுகளில் அப்பள்ளியில்தான் பாடம் சொன்னார். அப்பள்ளிக்கு எழுதுபவன் பல்கலைக்கழகத்தின் பெரும்பெயரைப் பாடினால், படிப்பவர் அதனை வணிகப் படிப்புக்குச் செல்ல வழி தேடுபவனின் மடலாகவே எண்ணக்கூடும். உழைப்போரைப் பற்றி அவன் அறிந்தது என்ன என்பதே அவர்கள் கேட்கும் வினா.

மேரிலாந்து மாநிலத்து அன்னாபொலிசிலும் நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபேயிலும் உள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரி மற்றொரு வகை. அங்கே எல்லா மாணவர்க்கும் ஒரே பாடத்திட்டம். பழம்பெரும் நூல்களை அமர்ந்து படித்து உரையாடுவதே படிப்பு. பிற கல்லூரியில் ஈராண்டு முடித்தவனும் அங்கே முதலாண்டில்தான் தொடங்க வேண்டும். அத்தகைய இடத்துக்குத் தன் பாட அலகுகளின் கணக்கை எழுதுபவன், தான் எங்கே நிற்கிறான் என்றே அறியாதவன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமோ 1990ஆம் ஆண்டு முதல் இடம் மாறி வருவோரைச் சேர்ப்பதையே நிறுத்தியிருந்தது. 2018ஆம் ஆண்டில் மீண்டும் கதவைத் திறந்தபோது, சமுதாயக் கல்லூரி மாணவர், படைப்பணி ஆற்றியோர், குறைந்த வருவாய்க் குடும்பத்தினர் ஆகியோரை மனத்திற்கொண்டே திறந்தது. அவ்வாறு திறந்த கதவின்முன் நிற்பவன் தன் எளிய தொடக்கத்தை மறைத்து எழுதுவானாயின், தனக்கெனத் திறந்த வழியைத் தானே அடைத்தவன் ஆவான்.

நம் பிள்ளையின் வாழ்விலும் அத்தகைய தொடக்கம் ஒன்று இருந்தது. அதனை ஐந்து கட்டுரைகளிலும் அவன் மறைத்திருந்தான். அவன் தந்தை சிறுநீரக நோயால் படுத்ததும், குடும்பத்தின் சிறு கடை மூடப்பட்டதும், பிள்ளை இரவில் ஒரு பண்டகக் கிடங்கில் பெட்டி தூக்கிப் பகலில் பயின்றதும், ஓர் அரையாண்டில் மதிப்பெண் வெகுவாகச் சரிந்ததும் எதிலும் இல்லை. கிடங்கில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி இருக்குமாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை பெட்டி எடுத்தார் என்று அது எண்ணுமாம். வயது முதிர்ந்த தொழிலாளர் இருவர் அவ்வெண்ணிக்கையை எட்ட இயலாமல் வேலை இழந்ததைக் கண்டது முதல், மனிதனின் வேலை நேரத்தையும் வேகத்தையும் அளப்பது யார், எந்த நியாயத்தால் என்னும் வினா அவன் நெஞ்சை அரித்துக் கொண்டிருந்தது. தொழிலாளர் பொருளியல் பயில அவன் விரும்பியதன் காரணம் இதுவே. இதனை நமக்குச் சொல்லும்போது அவன் குரலில் இருந்த உயிர், எந்தக் கட்டுரையிலும் இல்லை.

ஏன் எழுதவில்லை என்று வினவினோம். விடை அவனிடமிருந்து வரவில்லை. நம் தங்கையிடமிருந்து வந்தது. “காக்கா, வீட்டுக் கஷ்டத்தை முகம் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பதா? இவர் நோயைக் காட்டிப் பிள்ளைக்கு இடம் கேட்டோம் என்று ஆகாதா?” என்றாள். நம் குடும்பங்களின் மானம் அக்கேள்வியில் இருந்தது. அதனை இகழ நம்மால் ஆகாது. கணவனின் நோயைக் கடைவீதியில் விரித்து வைக்க எந்தப் பெண் உடன்படுவாள்?

மற்றொருபுறம் அவனுடன் பயில்வோர் வேறு யோசனை கூறியிருந்தனர். முஸ்லிம் என்பதற்காக இழிவுபடுத்தப்பட்டதாக ஒரு நிகழ்ச்சியை எழுது, அது படிப்பவர் மனத்தை உருக்கும் என்றனராம். அவ்வாறு எதுவும் அவனுக்கு நேர்ந்ததில்லை. ஆயினும் ஒரு கட்டுரையில் அரைப் பக்கம் எழுதியும் வைத்திருந்தான். நேர்ந்ததை மறைத்து நேராததை எழுதும் நிலைக்கு ஒரு நல்ல பிள்ளை வந்து நின்றான். மடல்கள் பலவாயிருப்பதில் இல்லாத இருமுகம் இங்கேதான் இருந்தது.

இவ்விடத்தில் நாம் அவனுக்கு ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவூட்டினோம். வாசகர்கள் அறிந்த வரலாறே. ஆயினும் இந்நோக்கில் மீண்டும் எண்ணிப் பார்க்கத் தக்கது. மக்காவின் கொடுமைக்கு ஆளான முஸ்லிம்கள் அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களைத் திருப்பி அனுப்பக் கோரிக் குறைஷியர் பரிசுப் பொருள்களுடன் இரு தூதரை விடுத்தனர். மன்னர் நஜாஷி முஸ்லிம்களை அவைக்கு அழைத்தார். உம்முடைய மக்களை விட்டு ஏன் பிரிந்தீர் என்பது அவர் வினாவின் சாரம். ஜஅஃபர் (ரலி) அளித்த விடையை அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வாய்மொழியாக வரலாற்று நூல்கள் பாதுகாத்துள்ளன.

அவ்விடையின் அமைப்பைக் காண்க. முதலில் தம் பழைய நிலையைக் கூறினார்கள். அறியாமையில் இருந்ததையும், சிலைகளை வணங்கியதையும், எளியோரை வலியோர் விழுங்கியதையும் கூறுகையில் ‘அவர்கள்’ என்று பிறர்மேல் ஏற்றாமல் ‘நாங்கள்’ என்றே கூறினார்கள். அடுத்து, தம்மை மாற்றிய தூதரையும் அவர் போதனைகளையும் வகைப்படுத்தினார்கள். அதன் பின்னரே தம் மக்கள் இழைத்த கொடுமையைச் சில சொற்களில் சொன்னார்கள். இறுதியாக, ஏனைய மன்னர்களை விடுத்து நஜாஷியைத் தேர்ந்து வந்ததையும், அவரிடத்தில் அநீதிக்கு ஆளாகமாட்டோம் என நம்பியதையும் உரைத்தார்கள். ஏன் விட்டு வந்தாய், ஏன் எம்மிடம் வந்தாய் என்னும் இரு வினாக்களுக்கும் இதனினும் செவ்விய விடை வேறுண்டோ? விட்டு வந்த இடத்தை வசைபாடவில்லை. வந்த இடத்தை வீண்புகழ் பாடவில்லை. நஜாஷியிடம் வந்ததற்கு அவர்கள் கூறிய காரணம், அவரது நீதி. அது வேறொரு மன்னருக்குப் பொருந்தாத காரணம்.

ஓதிக் காட்டுமாறு மன்னர் கேட்டபோது, திருமறையின் பல பகுதிகளுள் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை அவர்கள் ஓதினார்கள். கிறித்தவ மன்னரின் உள்ளம் அறிந்து தேர்ந்த தேர்வு அது. மன்னர் கண்ணீர் உகுத்தார். அவையறிதலின் சிகரம் இது.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. மறுநாள் குறைஷித் தூதர், ஈஸா (அலை) அவர்களைப் பற்றி இவர்கள் கூறுவதைக் கேளுங்கள் என்று மன்னரைத் தூண்டினர். முஸ்லிம்கள் கூடிக் கலந்தனர். முதல்நாள் பெற்ற அன்பு முழுதும் மறுநாள் ஒரு சொல்லால் அழியக்கூடும். எது நேரினும் இறைவன் அறிவித்ததையே கூறுவோம் என்று உறுதி பூண்டனர். ஈஸா (அலை) இறைவனின் அடியார், அவனது தூதர் என்று ஜஅஃபர் (ரலி) அவையில் மறைக்காது உரைத்தார்கள். எதனை முன்னே வைப்பது என்பதில் அவர்கள் கேட்போரைக் கருதினார்கள். எது உண்மை என்பதில் யாரையும் கருதவில்லை. அவையறிதலுக்கும் இருமுகத்துக்கும் இடையே உள்ள எல்லை இதுவே என நாம் கொள்கிறோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின்னர், கி.பி. 628 அளவில், மன்னர்களுக்கு விடுத்த மடல்களிலும் இவ்வொழுங்கு உண்டு. முத்திரையில்லா மடலை ரோமர் படிப்பதில்லை என்று தெரிவிக்கப்பட்டதும் வெள்ளி மோதிர முத்திரை செய்வித்துக் கொண்டார்கள். வேதம் உடைய ரோமப் பேரரசர் ஹெராக்ளியசுக்கு எழுதியதில், வேதக்காரர்களைப் பொதுவான ஒரு சொல்லின்பால் அழைக்கும் இறைவசனம் இடம்பெற்றது. பாரசீகப் பேரரசருக்கு விடுத்ததாக வரலாற்று நூல்கள் தரும் மடலில் அவ்வசனம் இல்லை. மடல்கள் பல, அழைப்பு ஒன்று.

இவற்றைக் கேட்டபின் பிள்ளை, நேராத நிகழ்ச்சியைத் தானே அடித்துவிட்டான். அது பொய் என்பதோடு, உண்மையாகவே அத்துன்பத்துக்கு ஆளானோரின் சொல்லையும் பிறர் நம்பாமற் செய்யும் திருட்டு என்பதை அவன் உணர்ந்தான். உலகியலிலும் அது ஆபத்தானது. கலிபோர்னியப் பல்கலைக்கழகம் விண்ணப்பதாரர் சிலரைப் பொறுக்கி எடுத்து, எழுதியதற்குச் சான்று கேட்கும் வழக்கம் உடையது. பொய்யான தகுதிகளைப் புனைந்து பிள்ளைகளைப் பெருங்கல்லூரிகளில் சேர்த்த செல்வர் பலர் 2019ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றத்தில் நின்றதை உலகம் கண்டது. இன்று பொறியே கட்டுரை எழுதித் தரும் காலம் வந்துவிட்டது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்ப அமைப்பு, செயற்கை நுண்ணறிவு ஆக்கித் தந்ததைத் தன் எழுத்தெனக் காட்டுவதை மோசடிகளுள் ஒன்றாகத் தன் விதியில் வைத்துள்ளது. பொறி ஐந்நூறு கல்லூரிக்கு ஐந்நூறு விதமாக எழுதும். ஆனால் இரவில் பெட்டி தூக்கியவனின் தோள்வலி அதற்கு ஏது?

தங்கையின் மனத்தடையைத் தீர்ப்பதுதான் எஞ்சியது. தந்தையின் நோய் தந்தைக்கு உரியது. அவரிடமே இசைவு கேட்கட்டும் என்றோம். மச்சான் ஒரு சொல்லில் முடித்தார்: “என் நோயை எழுதட்டும், என் பெயரால் இரக்கம் மட்டும் கேட்க வேண்டாம்.” இதுவே நல்ல அளவுகோலாயிற்று. சரிந்த மதிப்பெண்ணைக் காண்பவர், பலாகத் நூலார் கூறும் ஐயுறுவோர் வகையினர். சிலர் மறுப்போராகவும் இருக்கலாம். அவர்க்கு உறுதி தேவை. இங்கே உறுதியாவது ஆணையிடுதல் அன்று, சான்று காட்டுதல். தந்தை நோயுற்றிருந்த காலம், அக்காலத்தில் வாரத்தில் எத்தனை இரவு வேலை, அதற்கடுத்த இரு அரையாண்டுகளில் அதே துறைப் பாடங்களில் பெற்ற மதிப்பெண் ஆகியவற்றை மூன்று வாக்கியங்களில் எழுதினான். நோயின் பெயரைக்கூட எழுதவில்லை. கண்ணீர் கேட்காமல் கணக்கை மட்டும் தந்த அம்மூன்று வாக்கியங்களை அவன் தாயே படித்துப் பார்த்து, இதில் மானக்கேடு ஒன்றும் இல்லை என்றாள்.

பின்னர் மடல்கள் தாமாகவே வேறுபட்டன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு, தான் முடித்த புள்ளியியல், பொருளியல் பாடங்களையும் அவை கிடங்கில் கண்ட வினாவுக்கு எங்கே விடை தந்தன, எங்கே தரவில்லை என்பதையும் முன்வைத்தான். கார்னெலின் தொழிலாளர் பள்ளிக்கு, அந்த எண்ணும் கருவியையும் வேலை இழந்த முதியவர் இருவரையும் முன்வைத்தான். மற்ற இரு கல்லூரிகளுக்கும் அவற்றின் பாடத்திட்டத்தைத் தேடிப் படித்து, தன் வினா எப்பாடத்தில் போய்ச் சேரும் என எழுதினான். எல்லாவற்றிலும் ஆள் ஒருவனே. ஒரு மடலைப் படித்தவர் மற்றொன்றைப் படித்தாலும் வெட்கப்பட வேண்டிய சொல் ஒன்றும் இல்லை. இருமுகத்துக்கு இதனினும் எளிய சோதனை உண்டோ? ஒருவருக்கு எழுதியதை மற்றவர் காண நேர்ந்தால் உன் முகம் சிவக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஐந்தாவது மட்டும் எழுத வரவில்லை. கிழக்குக் கரையில் உள்ள அக்கல்லூரியின் பெயரைச் சொன்னால் நம் ஊரிலும் வியப்பர். மூன்று நாள் முயன்றும், அங்கே ஏன் போக வேண்டும் என்பதற்கு அவனிடம் விடை இல்லை. அவன் தேடும் துறைக்கு அங்கே தனிச் சிறப்பு எதனையும் அவன் காணவில்லை. பெயர் ஒன்றே இருந்தது. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்னும் நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். அந்நபிமொழி ஹிஜ்ரத்தை, அதாவது இடம் மாறிச் செல்வதை, எடுத்துக்காட்டியே பேசுகிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? இறைவனுக்காக இடம்பெயர்ந்தவருக்கு அதன் பேறு. உலக ஆதாயத்துக்காகப் பெயர்ந்தவருக்கு அவர் நாடியதே கூலி. கடக்கும் தூரம் ஒன்றாயினும் எண்ணத்தால் பயணம் வேறாகிறது. ஐந்தாம் மடல் அவன் எண்ணத்தை அவனுக்கே காட்டிவிட்டது. அதனை அவன் அனுப்பவில்லை.

கல்வி தேடி இடம் மாறுவது நம் மரபுக்குப் புதிதன்று. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் தலைவர் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இளமையில் மக்காவிலிருந்து மதீனாவுக்கு, இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஓதச் சென்றார்கள். மக்கா ஆளுநரின் பரிந்துரை மடல் கையில் இருந்தது என அவர்களின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஆனால் புறப்படுமுன் இமாம் மாலிக் அவர்களின் ‘முவத்தா’வை அவர்கள் மனனம் செய்து கொண்டிருந்தார்கள். ஆசிரியரின் உள்ளத்தைத் திறந்தது ஆளுநரின் மடல் அன்று. மனத்தில் ஏந்திச் சென்ற நூலே. செல்லும் இடத்தைச் செல்லுமுன் கற்றுக்கொள்பவனே அங்கு செல்லத் தகுந்தவன்.

அனுப்பிய நான்கனுள் இரண்டு அவனை ஏற்றன, இரண்டு மறுத்தன. மறுத்த இடங்களுக்கு எழுதிய மடல்கள் ஏற்ற இடங்களுக்கு எழுதியவற்றினும் தாழ்ந்தவை அல்ல. இடங்கள் சில, கேட்போர் பலர், கொடுப்பவன் இறைவன். ஆயினும் கேட்பவன் எவ்வாறு கேட்டான் என்பது அவனோடு தங்கிவிடும்.

பெற்றோர்க்கு ஒன்று கூற விரும்புகிறோம். நம் பிள்ளைகள் இன்று உலகெங்கும் விண்ணப்பம் எழுதுகின்றனர். கல்லூரிக்கும் வேலைக்கும் குடியுரிமைக்கும் எழுதுகின்றனர். எந்தப் பெயர்பெற்ற இடத்தில் சேர்ந்தான் என்று கேட்குமுன், எதற்காகச் சேர விரும்புகிறான் என்று ஒருமுறை கேளுங்கள். அவன் எழுதியதை வீட்டு மொழியில் சொல்லச் செய்து கேளுங்கள். வீட்டின் துன்பத்தை மறைக்கும்படி கட்டளையிட்டால், அவ்விடத்தை நிரப்பப் பிள்ளை வேறெதையோ புனைவான் என்பதை நினைவில் வையுங்கள். மானத்தோடு சொல்லப்பட்ட உண்மை எந்தக் குடும்பத்தையும் தாழ்த்தியதில்லை.

நம் மக்களுக்கு அவையறிந்து பேசும் நாவையும், எந்த அவையிலும் மாறாத ஒரே முகத்தையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.